மீன் குளம் விடியற்காலையில் மூச்சுத் திணறாமல் காப்பது எப்படி?

கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்த பிறகே, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைப் போட ஓடுவது பல பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. அந்தக் காலை எப்படி விடியும் என்பதை முந்தின இரவு ஒன்பது மணிக்கே இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கைப் போடுவதற்குக் குளத்தில் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது, எதில் செலவாகிறது, மீனின் உடல் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரு ஏக்கர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள நன்னீர்க் குளத்துக்கானவை. அதில் சுமார் 6,000 கன மீட்டர், அதாவது 60 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். மீன் இருப்பு இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குளம் இதைவிடச் சிறியது என்றால் அந்த விகிதத்தில் எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கும்?

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர், காற்றோடு எவ்வளவு நேரம் கலந்து கிடந்தாலும், 7.5 மில்லிகிராமுக்கு மேல் தானாகக் கரைத்துக்கொள்ளாது. வெப்பம் கூடக் கூட இதுவும் குறையும்: 25 டிகிரியில் 8.3, 35 டிகிரியில் 6.9. சூடேறும்போது மீனின் தேவை அதிகரிக்கிறது, தண்ணீரின் கொள்ளளவோ குறைகிறது. சித்திரை, வைகாசியில் குளங்கள் படும் பாட்டுக்கு முதல் காரணம் இதுதான்.

இந்தக் கொஞ்சத்திலிருந்து மீன் தன் பங்கை எடுப்பதற்குச் செவுளின் அமைப்பு கைகொடுக்கிறது. செவுள் இழைகளின் மேல் அடுக்கியிருக்கும் மெல்லிய தகடுகளில் இரத்தம் ஒரு திசையிலும் தண்ணீர் அதற்கு எதிர்த் திசையிலும் ஓடுகின்றன. அதனால் இரத்தம் எந்த இடத்தில் இருந்தாலும் தன்னைவிட ஆக்சிஜன் அதிகமுள்ள தண்ணீரையே எதிர்கொள்ளும். நம் நுரையீரல் உள்ளே போன காற்றின் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கிறது. மீன் செவுள் நல்ல நிலையில் முக்கால் பங்குக்கு மேல்கூட எடுக்கும். செவுளில் சேறு படிந்தாலோ, ஒட்டுண்ணி ஏறினாலோ, சளி தடித்தாலோ இந்தத் திறன் சரிந்துவிடும்.

மூச்சைக் கட்டுப்படுத்தும் விதத்திலும் நமக்கும் மீனுக்கும் வேறுபாடு உண்டு. நமக்கு இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளை மூச்சை வேகப்படுத்தும். மீனுக்கு முதன்மையான சைகை ஆக்சிஜன்தான். அது குறைந்தால் செவுள்மூடி வேகமாக அடிக்கும், மீன் இரையைக் குறைக்கும், நீந்துவதைக் குறைக்கும். அதுவும் போதாதபோது மேலே வந்து, காற்றை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சும். கெண்டை மீன் வாயைப் பிளந்து நிற்பது காற்றை விழுங்க அல்ல, அந்தப் படலத்துக்காக. அதாவது நீங்கள் பார்க்கும் காட்சி, மீன் தன்னிடமிருந்த எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்ட பிறகு வருவது.

எண்களில் சொன்னால், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 3 முதல் 5 வரை நாள்தோறும் நீடித்தால் மீன் சாகாது, ஆனால் தீவனம் சதையாக மாறாது. 3-க்குக் கீழே நெருக்கடி. 1-க்குக் கீழே சில மணி நேரம் நின்றால் இழப்பு நிச்சயம்.

ஆக்சிஜனை உண்மையில் தின்பது எது?

இரண்டு டன் கெண்டை, கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் என்று வைத்தாலும், மொத்தம் 600 கிராம்தான் செலவழிக்கும். குளம் முழுவதும் பரப்பிப் பார்த்தால் மணிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஆனால் தீவனம் தாராளமாகப் போடும் குளத்தில் இரவு இறக்கம் மணிக்கு 0.5, 0.6 என்று இருக்கும். மீதி எங்கே போகிறது? தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகளும், பாக்டீரியாக்களும், அடிச்சேறும் தின்கின்றன. பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி இருட்டியதும் அதை இழுக்கத் தொடங்குகிறது. காற்றிலிருந்து தானாகக் கரைந்து வருவது, காற்று அசையாத இரவில், கணக்கில் எடுக்க வேண்டாத அளவு.

ஆகவே மீன் வளர்ப்பவர் நடைமுறையில் பாசி வளர்ப்பவர். பகல் இரண்டு மணிக்கு, பாசி தரும் ஆக்சிஜனால் 7.5-ஐயும் தாண்டி, 12 மில்லிகிராம் காட்டும் குளத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். அவ்வளவு உயர ஏறும் குளம் அதே அளவுக்கு இறங்கவும் செய்யும்.

அளப்பது

ஒரு ஏரேட்டர் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ஆக்சிஜன் மீட்டருக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது ஏரேட்டரைவிட அதுவே முதலில் வர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மீட்டரில் இரண்டு வகை உண்டு. சவ்வு வகையில், முனையைத் தண்ணீரில் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்காவிட்டால் சவ்வை ஒட்டிய ஆக்சிஜனை அதுவே தின்றுவிட்டுக் குறைவான எண்ணைக் காட்டும். சவ்வுக்குக் கீழே காற்றுக்குமிழி இருந்தாலும், சவ்வு சுருங்கியிருந்தாலும் எண் நிலையில்லாமல் ஆடும். ஒளி வகையில் இந்தத் தொல்லை இல்லை, விலை கூடுதல்.

எந்த வகையானாலும் அளவுதிருத்தம் எளிது. ஈரத் துணியோ பஞ்சோ வைத்த மூடியில் முனையைத் தண்ணீர் படாமல் பத்து நிமிடம் வைத்து, 100 சதவீதம் என்று அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, ஒரு வாளித் தண்ணீரை மாற்றி மாற்றி இருபது முப்பது முறை உயரத்திலிருந்து ஊற்றி அளந்து பாருங்கள். 30 டிகிரித் தண்ணீரில் 7.5-ஐ ஒட்டி வர வேண்டும். 6 என்றோ 9 என்றோ காட்டினால் அந்த மீட்டரை நம்பி இரவைக் கழிக்காதீர்கள்.

மீட்டர் இல்லாவிட்டால் விங்க்லர் முறை இருக்கிறது. ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் வெளியிட்டது. மீட்டர்களைச் சரிபார்க்க இன்றும் பயன்படுகிறது. 300 மில்லி கண்ணாடி பாட்டிலைக் குமிழி வராமல் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி மூடுங்கள். மாங்கனீஸ் சல்பேட் கரைசல் 2 மில்லி, கார அயோடைடு கரைசல் 2 மில்லி, இரண்டையும் பிப்பெட் முனை நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடி, தலைகீழாகப் புரட்டுங்கள். பழுப்பு வண்டல் இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை என்றே சொல்லலாம். வண்டல் படிந்ததும் அடர் கந்தக அமிலம் 2 மில்லி விட்டால் எல்லாம் கரைந்து மஞ்சளாகும். அதில் 200 மில்லி எடுத்து 0.025 நார்மல் செறிவுள்ள சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் மஞ்சளானதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் வரை தொடருங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். கண்ணாடி அணிந்து செய்ய வேண்டிய வேலை. அமிலத்தோடு விளையாட்டு வேண்டாம். கரையில் வண்டலாக்கும் வரை செய்து முடித்துவிட்டால், மீதியை வீட்டில் வெளிச்சத்தில் செய்துகொள்ளலாம்.

எங்கே அளப்பது என்பதும் முக்கியம். கரையோரத்தில், மேல் தண்ணீரில் முனையை நனைத்து எடுத்த எண் எதற்கும் உதவாது. ஏரேட்டரிலிருந்து தள்ளி, ஆழமான பக்கத்தில், மேலிருந்து 30 செ.மீ., நடு ஆழம், அடியிலிருந்து 30 செ.மீ. என்று மூன்று இடத்தில் எடுங்கள். மேலே 9, அடியில் 2 என்று வந்தால் தண்ணீர் அடுக்காகப் பிரிந்து நிற்கிறது.

இரவு ஒன்பது மணிக் கணக்கு

இருட்டிய பிறகு ஒளிச்சேர்க்கை இல்லை; பாசியும் சேறும் மீனும் சேர்ந்து தின்னும் வேகம் இரவு முழுவதும் ஏறக்குறைய மாறுவதில்லை. அதனால் ஆக்சிஜன் ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்கும்.

1. மாலை 6 மணிக்கு நடு ஆழத்தில் அளந்து எழுதுங்கள். 9.0 என்று வைத்துக்கொள்வோம்.
2. இரவு 9 மணிக்கு அதே இடத்தில், அதே ஆழத்தில் மறுபடி அளங்கள். 7.2.
3. மூன்று மணி நேரத்தில் 1.8 இறங்கியிருக்கிறது, மணிக்கு 0.6.
4. காலை 6 மணிக்கு இன்னும் ஒன்பது மணி நேரம். 9 × 0.6 = 5.4. ஆகவே விடியும்போது 1.8 இருக்கும். 3-ஐத் தொடுவது அதிகாலை 4 மணிக்கு.

இந்தக் குளத்தில் துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரை அடித்துத் தெறிக்கவிடும் 2 எச்.பி. பேடில் வீல் ஏரேட்டர் ஒன்று இருக்கிறது. எப்போது போடுவது? ஏரேட்டர் தரும் ஆக்சிஜன், தண்ணீரில் எவ்வளவு குறை இருக்கிறதோ அதைப் பொறுத்தது. 3 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரில் மணிக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏற்றும் இயந்திரம், 5.4 இருக்கும் தண்ணீரில் அதில் பாதிதான் ஏற்றும். 7.5-ஐத் தாண்டி நிற்கும் தண்ணீரில் ஓடினால் இருப்பதையும் காற்றுக்கு விரட்டும்.

இதை வைத்துக் கணக்கிட்டால், ஏரேட்டரே போடாவிட்டால் காலை 6 மணிக்கு 1.8. அதிகாலை 4 மணிக்குப் போட்டால் 2.4. 2 மணிக்குப் போட்டால் 2.8. நள்ளிரவு 12 மணிக்குப் போட்டால் 3.1. இரவு 9 மணிக்கே போட்டால் 3.2 அல்லது 3.3. கடைசி இரண்டையும் பாருங்கள்: மூன்று மணி நேர மின்சாரம் கூடுதலாகச் செலவழித்தும் கிடைத்தது மிகச் சொற்பம். அதே சமயம், இரண்டு ஏரேட்டர்களை 2 மணிக்குப் போட்டால் 3.7 கிடைக்கும். ஒன்றை ஒன்பது மணி நேரம் ஓட்டியபோது 13.5 யூனிட் செலவாகிறது. இரண்டை நான்கு மணி நேரம் ஓட்டினால் 12 யூனிட். வசதி இருந்தால், குறைந்த நேரத்துக்கு அதிகக் குதிரைத்திறன் என்பதே சரியான ஏற்பாடு.

இந்த எண்கள் இயந்திரத்தின் தரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். துடுப்பு தண்ணீரில் 10 செ.மீ. அளவுக்கு மூழ்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வெறுமனே சுற்றும். கூடினால் மோட்டார் சூடாகிக் கருகும். ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் வைத்தால் அடிச்சேற்றைக் கிளறி, ஏற்றும் ஆக்சிஜனைச் சேறே விழுங்கிவிடும். குளத்தின் நீளவாக்கில் தண்ணீர் தள்ளும்படி திருப்பி வையுங்கள். ஈரக்கையோடு இருட்டில் கையாளும் மோட்டார் என்பதால், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது.

காலை 6 மணி கடைசி எல்லை அல்ல. மூட்டமான நாளில் எட்டு மணி வரை ஏறாமல் கிடக்கும். சூரியன் நன்றாக விழுந்து, மீட்டர் எண் ஏறத் தொடங்கிய பிறகே நிறுத்துங்கள்.

வெள்ளைத் தட்டு

மீட்டர் இல்லாதவரும் செய்யக்கூடியது, தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. 20 செ.மீ. விட்டமுள்ள தகர மூடியையோ பிளாஸ்டிக் தட்டையோ நான்கு கால்களாகப் பிரித்துக் கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றிப் பெயின்ட் அடித்து, அடியில் கல் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். காலை 10 முதல் 2 மணிக்குள், முதுகில் வெயில் விழும்படி நின்று பாருங்கள். தட்டு மறையும் ஆழம் 30 முதல் 40 செ.மீ. என்றால் பாசி அளவாக இருக்கிறது. 25-க்குக் கீழே வந்தால் சாணமும் உரமும் நிறுத்துங்கள், தீவனத்தைக் குறையுங்கள். 20-க்குக் கீழே என்றால் இரவுக் கணக்கைத் தவறாமல் போட வேண்டிய குளம் அது. சேறு கலங்கிய தண்ணீரில் இந்த அளவுக்குப் பொருள் இல்லை. தண்ணீர் பச்சையாக இருக்கும்போது மட்டுமே நம்புங்கள்.

தட்டு ஒரே நாளில் 20-லிருந்து 50-க்குத் தாவினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். பாசி மொத்தமாகச் செத்துவிட்டது. மேலே பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படலம் கட்டி, அது பழுப்பாகிச் சாம்பல் நிறமாகி, தண்ணீர் திடீரெனத் தெளிந்தால் அடுத்த சில நாட்களுக்கு ஆக்சிஜன் தருபவர் யாரும் இல்லை. செத்த பாசியை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் இருக்கின்றன. பகலிலும் ஏரேட்டர் ஓட வேண்டிய காலம் அது. தீவனம் கூடாது. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடும் பழக்கம் இதே நிலையை நீங்களே உண்டாக்குவதுதான்.

அவசரத்தில் செய்ய வேண்டியதும் கூடாததும்

மீன் மேலே வந்துவிட்டது, ஏரேட்டர் இல்லை அல்லது கரண்ட் இல்லை. டீசல் மோட்டாரால் தண்ணீரை எடுத்துத் தெளிக்கலாம், ஆனால் அதன் அளவைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். நொடிக்கு 10 லிட்டர் தள்ளும் பம்ப் மணிக்கு 36 கன மீட்டர்தான் தரும். அதில் வரும் ஆக்சிஜன் ஏறக்குறைய 200 கிராம். 6,000 கன மீட்டருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆகவே குளம் முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரே மூலையில், பலகையின் மேல் விழுந்து சிதறும்படி விடுங்கள். மீன் அந்த மூலையைத் தேடி வந்து சேரும். அந்த இடத்தைக் காப்பாற்றினால் போதும்.

தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்பதைக் கவனியுங்கள். பக்கத்துக் குளத்தின் மேல் தண்ணீர் நல்லது. சொந்தக் குளத்தின் மேல் தண்ணீர் பரவாயில்லை. அடித் தண்ணீர் கூடாது. போர்வெல் தண்ணீரை நேராக விடுவது பலரும் செய்வது. நிலத்தடி நீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் சொற்பம், கார்பன் டை ஆக்சைடு அதிகம், சில இடங்களில் இரும்பும் சேர்ந்திருக்கும். அதைப் படிப்படியாக விழவைத்துக் காற்றாடவிட்ட பிறகே குளத்தில் சேருங்கள். ஆள் இறங்கித் தண்ணீரைக் கலக்குவதும், மூங்கிலால் அடிப்பதும் சேற்றைக் கிளப்பும். அந்த நேரத்தில் வலை போட்டு மீனைப் பிடிக்க முயல்வது இழப்பைப் பெருக்கும். ஓடும் மீனுக்கு ஆக்சிஜன் பல மடங்கு தேவை.

கடையில் விற்கும் ஆக்சிஜன் பொடிகளைப் பற்றி. சோடியம் பெர்கார்பனேட் எடையில் 13, 14 சதவீதம் ஆக்சிஜன் தரும். நம் ஒரு ஏக்கர் குளத்தில் ஒரே ஒரு மில்லிகிராம் ஏற்ற 6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதற்குப் பொடி 45 கிலோ வேண்டும். இரவு இறக்கம் மணிக்கு 0.6 என்றால் அந்த 45 கிலோ ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் சுமார் 25 கிலோ. கையில் பட்டால் வெந்துவிடும். ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ தூவினால் போதும் என்று எழுதியிருக்கும் பாக்கெட்டை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விரால் குஞ்சுத் தொட்டி போன்ற சிறிய கொள்ளளவுக்கும், மீன் கூடிய மூலைக்கும் மட்டும் இவை உதவும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆக்சிஜனைக் கூட்டும் என்பது பழைய நம்பிக்கை, கூட்டாது.

மேகமும் மழையும்

ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து மூன்று நாள் மூட்டம் போட்டால், ஒவ்வொரு மாலையும் முந்தின மாலையைவிடக் குறைந்த எண்ணில் இரவு தொடங்கும். இறக்கத்தின் வேகம் மட்டும் குறையாது. மூன்றாவது நாள் இரவுதான் ஆபத்து. முதல் நாளே தீவனத்தைப் பாதியாக்குங்கள். இரண்டாம் நாள் நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று நாள் பட்டினி கெண்டைக்கு ஒன்றும் செய்யாது.

கோடை மழை வேறு விதம். வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி, அடித் தண்ணீர் குளிர்ந்து கனத்து, இரண்டும் கலக்காமல் நிற்கும். திடீரென்று கொட்டும் குளிர்ந்த மழை மேலிருந்து அடிக்கு இறங்கும்போது, ஆக்சிஜன் இல்லாத, சாக்கடை வாடை அடிக்கும் அடித் தண்ணீர் மேலே புரளும். பட்டப்பகலிலும் மீன் மேலே வருவது இதனால்தான். தினமும் பகல் ஒரு மணி முதல் மூன்று மணிக்குள் ஒரு மணி நேரம் ஏரேட்டரை ஓட்டி, மேல் தண்ணீரின் மிகுதியை அடிக்கு அனுப்பிவந்தால் அடுக்குப் பிரியாது. மாதக்கணக்கில் ஓட்டாமல் கறுத்த சேறு கட்டிய குளத்தில் ஒரு நாள் திடீரென்று இதைத் தொடங்காதீர்கள். முதல் வாரம் கால் மணி நேரம் போதும்.

கார்பன் டை ஆக்சைடு, பி.எச்., சுண்ணாம்பு

இரவு முழுவதும் எல்லா உயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் சேர்ந்து, அது அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவை இறக்குகிறது. பகலில் பாசி அதை உறிஞ்சும்போது பி.எச். ஏறுகிறது. காலையில் 7, மாலையில் 9.5 என்று ஆடும் குளத்தில் தாங்கு சக்தி இல்லை. அந்தத் தாங்கு சக்தியைக் காட்டும் காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். 100-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் ஆட்டம் அடங்கும்.

கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் மீனின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் பிடியும் தளர்கிறது. அதனால்தான் மீட்டர் 3.5 காட்டும் ஒரு குளத்தில் மீன் அமைதியாக இருக்கும், அதே எண் காட்டும் இன்னொன்றில் திணறும். மாலையிலோ சிக்கல், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா. 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 8 என்றால் 7 சதவீதம். 9 என்றால் 45 சதவீதம்.

வழக்கமான பராமரிப்புக்கு அரைத்த சுண்ணாம்புக்கல்லே போதும். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 100 கிலோ வரை, காரத்தன்மையை அளந்துகொண்டே மாதம் ஒரு முறை. எவ்வளவு போட்டாலும் பி.எச். அபாயமாக ஏறாது. நீற்றிய சுண்ணாம்பு வேறு. ஒரு மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடைக் கட்டிப்போட 0.84 மில்லிகிராம் வேண்டும். நம் குளத்தில் 10 மில்லிகிராமைக் குறைக்க ஏறக்குறைய 50 கிலோ. இதை அதிகாலையில், இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, கரைத்துத் தெளிக்க வேண்டும். மாலையில் பி.எச். ஏறியிருக்கும்போது போட்டாலோ, அம்மோனியா மிகுந்த குளத்தில் போட்டாலோ மீன் சாகும். சுட்ட சுண்ணாம்பு மீன் இல்லாத காய்ந்த குளத்துக்கு மட்டும்.

ஆக்சிஜன் இருந்தும் மீன் திணறினால்

மீட்டர் 6 காட்டுகிறது, நடுப்பகல், மீன் மேலே நிற்கிறது. ஒன்றைப் பிடித்துச் செவுள்மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் செக்கச்சிவப்பாக இருக்க வேண்டும். சாக்லேட் பழுப்பில் இருந்தால், அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்தான் காரணம்: அது ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். மருந்து சாதாரணக் கல்லுப்பு. நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு தண்ணீரில் இருந்தால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழைவது தடைப்படும். நைட்ரைட் 1 மில்லிகிராம் என்றால் நம் குளத்துக்கு 60 கிலோ குளோரைடு, அதாவது 100 கிலோ உப்பு. உவர்ப்பான போர்வெல் தண்ணீர் நிரப்பிய குளத்தில் இந்தக் குளோரைடு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். முதலில் அளந்து பார்த்துவிட்டு உப்பு மூட்டையைப் பிரியுங்கள்.

செவுள் வெளிறி, சளி பூத்து, ஓரம் அரித்திருந்தால் ஒட்டுண்ணியோ செவுள் அழுகலோ. அந்த மீனை உயிரோடு பையில் போட்டு மீன்வளத் துறை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். செத்து இரண்டு மணி நேரமான மீனில் எதுவும் தெரியாது.

இழப்பு நேர்ந்த பிறகு காரணம் தேடுபவருக்கு ஒரு குறிப்பு. ஆக்சிஜன் குறைவு என்றால் விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், வாய் திறந்தபடி சாகும். பூச்சிமருந்து கலந்திருந்தால் நேரம் காலம் இல்லை. பெரும்பாலும் சிறியவை முதலில் விழும், தவளையும் நீர்ப்பூச்சிகளும்கூடச் செத்து மிதக்கும்.

விரால் வளர்ப்பவருக்கு

விரால், நாட்டுக் கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குத் தலையில் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. வளர்ந்த விராலுக்கு இது கூடுதல் வசதி மட்டுமல்ல, கட்டாயத் தேவை. மேலே வர முடியாமல் வலைக்குள் சிக்கினால், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். பறவைக்குப் பயந்து போடும் வலையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அடி விட்டுக் கட்டுங்கள். ஆகாயத்தாமரையோ பாசிக்கொடியோ முழுப் பரப்பையும் மூட விடாதீர்கள். காற்றைச் சுவாசிக்கும் என்பதாலேயே விரால் குளத்துக்கு ஏரேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வளர்ந்த மீனைப் பொறுத்தவரை ஓரளவு சரி. ஆனால் பொரித்த குஞ்சுக்கு அந்த உறுப்பு உடனே வளர்ந்துவிடுவதில்லை. அதுவரை செவுளும் தோலும்தான். குஞ்சுத் தொட்டியில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

குஞ்சுப் பையைத் திறக்கும்போது

பண்ணையிலிருந்து வரும் ஆக்சிஜன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் இருக்கும். முந்தின நாள் தீவனம் கொடுக்காமல் குஞ்சுகளைப் பட்டினி போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழிவிலேயே பாதி சாகும். வழியில் பைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அம்மோனியாவும் ஏறியிருக்கும். பி.எச். குறைவாக இருப்பதால் அந்த அம்மோனியா கடிக்காமல் கிடக்கிறது.

பையைத் திறந்த நிமிடத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா நச்சாகும். அதனால் கட்டை அவிழ்க்காமல் பையைக் குளத்தில், நிழலில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். அவிழ்த்த பிறகு ஒரு குவளை, இரண்டு குவளை என்று ஒரு மணி நேரம் குளத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள். பையின் கொள்ளளவுக்குச் சமமான குளத்துத் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் சேர்த்து, பையைச் சாய்த்துக் குஞ்சுகள் தாமாக நீந்திப் போக விடுங்கள். இதைச் செய்ய நல்ல நேரம் காலை எட்டு, ஒன்பது மணி: குளத்தின் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியிருக்கும், பி.எச். இன்னும் ஏறியிருக்காது.